சட்டக் கல்வியும் மாணவர் மன்றமும்

புதுச்சேரி நகரின் வடமேற்கே, உழவர்கரை நகராட்சியைச் சார்ந்து அமைந்துள்ளது சாரம் என்னும் பகுதி. முன்னாளில் நகருக்குப் புறத்தே தனியூராய் இருந்த இது, இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நகரத்தோடு ஒன்றிவிட்டது. இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்திக்கு, வழக்கறிஞராக வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது என்று கொள்க. அவள் குடும்பத்தில் நீதிமன்றப் படியை வழக்குடையவராய் ஏறியவர் உண்டு. வழக்குரைப்பவராய் ஏறியவர் இலர். ஆதலின் வழிகாட்டுவார் இன்றி அயலாரை வினவுகிறாள்.

அடுத்த வீட்டு அம்மையார், “சட்டம் படிக்க விரும்பும் மாணவர்கள் கூடி மன்றம் நடத்துகிறார்களாம், நீயும் அதில் சேர்ந்துவிடு. மன்றத்தின் சான்றிதழ் கையில் இருந்தால் கல்லூரியில் இடம் தானே கிடைக்கும்” என்கிறார். அவளுடைய தாய்மாமனோ, “மன்றமாவது, சொற்போராவது! மதிப்பெண் ஒன்றுதான் கணக்கு. கூட்டம் கூடிப் பேசும் நேரத்தில் பாடத்தைப் படி” என்று கடிந்துரைக்கிறார். இருவரும் அவளுடைய நன்மையையே நாடுவோர். இருவர் சொல்லும் ஒன்றையொன்று மறுக்கின்றன. எச்சொல் மெய் என்று ஆராய்ந்தே அவள் தன் ஓராண்டுக் காலத்தைச் செலவிட வேண்டும்.

முதற்கண், கல்லூரியின் வாயில் எவ்வாறு திறக்கிறது என்பதை அறிதல் வேண்டும். புதுச்சேரிக்குச் சட்டக் கல்வி புதிதன்று. பிரெஞ்சியர் ஆட்சியில், 1838ஆம் ஆண்டிலேயே இந்நகரில் சட்டப் பள்ளி ஒன்று தோன்றியது. அந்நாளில் இங்கு விளங்கிய வழக்குரைஞர்கள் அஞ்சாமைக்குப் பெயர் பெற்றவர்கள். 1873ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்குரைஞர் மேனாட்டுக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். அது குற்றம் எனப்பட்டபோது அவர் பணிந்துவிடாமல், பாரிசு நகரத்து மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்கை எடுத்துச்சென்று வென்றார் என்பது புதுவை வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி. பின்னர் இந்நிலப்பகுதி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் இந்தியாவோடு இணைந்தது. 1962ஆம் ஆண்டில் அவ்விணைப்புச் சட்டப்படி நிறைவெய்தியது. 1972ஆம் ஆண்டில் அரசு சட்டக் கல்லூரி அமைந்தது. அக்கல்லூரியே இன்று டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்னும் பெயருடன், சாரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் எய்தக்கூடிய காலாப்பட்டில் நடைபெறுகிறது.

இக்கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்பிற்கு மாணவரைத் தேர்ந்தெடுப்பது, ‘சென்டாக்’ என்று மக்கள் வழங்கும் மைய மாணவர் சேர்க்கைக் குழு. அக்குழு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. இட ஒதுக்கீட்டு முறைப்படி வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசைப்படி இடம் அளிக்கிறது. சட்ட மாணவர் மன்றத்தில் உறுப்பினராக இருந்தாரா, தலைவராக இருந்தாரா என்னும் வினாவுக்கு அங்கே வேலை இல்லை. தமிழ்நாட்டிலும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் ஐந்தாண்டுப் படிப்பிற்கு மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொள்கின்றன. 1891ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரியின் வழிவந்த கல்லூரிகளும் இவற்றுள் அடங்கும். இவ்வளவில் தாய்மாமன் கூற்றே வென்றது எனலாம். மன்றத்துச் சான்றிதழ், எத்துணைப் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட்டிருந்தாலும், இவ்வாயிலில் ஒரு மதிப்பெண்ணுக்கும் ஈடாகாது.

ஆயினும் வாயில் இஃதொன்றே அன்று. 1987ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி என்னும் புதுமுறைக் கல்வி நிலையம் நிறுவப்பட்டது. அதனை முதன்முதல் நடத்தியவர் கேரள நாட்டவரான மாதவ மேனன் என்னும் பேராசிரியர். அதனைப் பின்பற்றி நாட்டின் பல மாநிலங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே தேர்வு நடத்தி மாணவரை அலைக்கழித்தது. 2008ஆம் ஆண்டு முதல், ‘கிளாட்’ எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத்தேர்வு ஏற்பட்டது. தில்லியிலுள்ளது போலத் தனித் தேர்வு நடத்தும் சிலவற்றை விடுத்தால், ஏனையவற்றிற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

இத்தேர்வின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்களுக்கு விடை குறித்தல் வேண்டும். தவறான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். ஆங்கில மொழி, நாட்டு நடப்பு, சட்டம் சார்ந்த ஆராய்ச்சி, தருக்கம், கணக்கு என வினாக்கள் ஐவகைப்படும். சட்ட நூல்களை மனப்பாடம் செய்தாரா என்று இத்தேர்வு சோதிப்பதில்லை. ஒரு நீண்ட பகுதியைக் கொடுத்து, அதில் ஒரு விதியை உணர்த்தி, ‘இன்ன நிகழ்ச்சியில் இவ்விதி எவ்வாறு பொருந்தும்?’ என்று வினவுகிறது. ஆகவே விரைந்து படித்தல், படித்ததன் உட்பொருளைக் கொள்ளுதல், விதியையும் நிகழ்ச்சியையும் பிரித்தறிதல் ஆகிய மூன்றுமே இங்குத் தேவை. இவை தேர்வுக்கு முந்திய இரவில் விழித்திருந்து பெறக்கூடியவை அல்ல. இத்தேர்விலும் மன்றத்து உறுப்பினர்க்கெனத் தனி மதிப்பெண் இல்லை. எனினும் மன்றத்தில் செய்யத்தக்க பயிற்சியும் தேர்வில் அளக்கப்படும் திறமும் ஒன்றாய் இருத்தலின், அடுத்த வீட்டு அம்மையாரின் கூற்று இங்கே சிறிது தலைதூக்குகிறது.

தமிழ் மரபு இதனை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் கற்கும் முறையைக் கூறுமிடத்து, ஒரு கணக்கு வகுக்கிறார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்துடன் கேட்டாலும் மாணவன் பெறுவது கால்பங்குப் புலமையே. உடன்பயிலும் மாணவரோடு பழகிப் பயிலுவதால் மற்றொரு கால்பங்கு வந்தெய்தும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் நிரம்பும். உடன்பயில்வோர் கூட்டம் இல்லையாயின், இரண்டாங் காலும் பின்னை அரையும் எங்கிருந்து வரும்? தனியறையில் இருந்து படிப்பவன், பாவம், சுவருக்கா எடுத்துரைப்பான்?

நல்ல மன்றம் ஒன்று எவ்வாறு தொழிற்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். புதுவைக்கு மேற்கே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவெண்ணெய்நல்லூர், சேக்கிழாரின் பெரியபுராணத்தால் புகழ்பெற்ற ஊர். திருமணக் கோலத்தில் இருந்த நம்பியாரூரர் முன் முதியவர் ஒருவர் தோன்றி, ‘இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை உண்டு’ என்று வழக்கிட்டார். நம்பியாரூரர் அவ்வோலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவரோ கலங்கவில்லை; கிழிபட்டது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறி, வெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் வழக்கைக் கொண்டுசென்றார். அவையத்தார் அவர் சொல்லை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. வழக்கத்தாலோ, எழுத்தாலோ, பிறர் சான்றாலோ மெய்ப்பிக்குமாறு கேட்டனர். மூல ஓலை காட்டப்பட்டது. சான்றொப்பமிட்டோர் எழுத்து ஆராயப்பட்டது. பாட்டனார் கையெழுத்து உள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கினர். அதன் பின்னரே நம்பியாரூரர் தோற்றார் என்று தீர்ப்புரைத்தனர்.

இக்கதையைச் சைவ உலகம் அன்பின் பெருக்கால் ஓதி மகிழ்கிறது. சட்டம் பயில விழையும் மாணவர் அறுவர் கூடியிருந்து இதனையே வேறொரு கண்கொண்டு நோக்கலாம். படியோலைக்கும் மூல ஓலைக்கும் வேற்றுமை என்ன? மூலம் இருக்கும்போது படி ஏன் செல்லாது? கையெழுத்தை ஒப்பு நோக்குதல் எவ்வளவு உறுதியான சான்று? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இவ்வினாக்களுக்கு விடை கூறியது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அதன் இடத்திற்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் விடை கூறுகிறது. இனி, அறுவருள் ஒருவர் எழுந்து, ‘ஓலை மெய்யே ஆயினும், பாட்டன் தன் பேரனை அடிமையாக்கி எழுதிக்கொடுக்க இயலுமா?’ என்று கேட்கக்கூடும். அக்கேள்வியே வழக்கின் உயிர்நிலை. இந்திய அரசமைப்பின் 23ஆம் உறுப்பு, கட்டாய உழைப்பை விலக்குகிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்னோர் பட்ட கடனுக்காக வழித்தோன்றல்களைப் பிணிக்கும் வழக்கத்தை ஒழித்தது. ஆகவே ஆவணம் மெய்யாயிருந்தும் வழக்குத் தோற்கும் என்பது புலனாகிறது. நிகழ்ச்சி வேறு, விதி வேறு என்னும் நுட்பம் இவ்வாறு ஒருமுறை உள்ளத்தில் பதிந்தால், பின்னர் எந்த வினாத்தாளிலும் அது துணைநிற்கும்.

கோவலன் கொலையையும் இவ்வாறே ஆராயலாம். பொற்கொல்லன் ஒருவன் சொல்லையே சான்றாகக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு சொல்லும் வினவாது கொல்லப் பணித்தமையே பாண்டியன் தவறு. மறுதரப்பைக் கேளாது தீர்ப்பளித்தல் ஆகாது என்பது இன்றைய சட்டத்திலும் அடிப்படை நெறி. அந்நெறியைப் பெயரளவில் படித்தவர் மறப்பர். கண்ணகியின் பக்கம் நின்று வாதாடியவர் மறவார்.

கூடிப் பயில்வதால் விளைந்த நன்மைக்குச் சென்னையில் ஒரு சான்று உண்டு. 1888ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் வழக்கறிஞர் பலர் சனிக்கிழமை தோறும் கூடிச் சட்டப் பொருள்களை ஆராயும் வழக்கத்தை மேற்கொண்டனர். அதனைச் சனிக்கிழமைக் கழகம் என்றே அழைத்தனர். அக்கூட்டத்தில் எழுந்த எண்ணமே 1891ஆம் ஆண்டில் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்னும் சட்ட இதழாக மலர்ந்தது. அவர்கள் முன்னரே தொழில் பெற்றிருந்தோர். எவரிடமும் காட்டுதற்குச் சான்றிதழை வேண்டிக் கூடியவர் அல்லர்.

இதற்கு மாறான காட்சியும் ஒன்றுண்டு. அதே 1888ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்றார் காந்தியடிகள். அங்கே ‘இன்னர் டெம்பிள்’ என்னும் சட்டக் கழகத்தில் அவர் சேர்ந்தார். தேர்வில் தேறுவதோடு, பன்னிரண்டு பருவங்களில் குறித்த எண்ணிக்கையான விருந்துகளில் கலந்துகொள்ளுதலும் அங்கே கட்டாயம். முற்காலத்தில் விருந்திற்குப் பின் மாணவரும் மூத்தோரும் கூடி வழக்காடிப் பழகினர். விருந்து கல்விக்கு வாயிலாக இருந்தது. காந்தியடிகள் சென்ற நாளில் கல்வி போய்விட்டது. விருந்து மட்டும் எஞ்சியிருந்தது. புலால் உண்ணாத அவருக்கு அதுவும் பெரிதாகப் பயன்படவில்லை. தம் தன்வரலாற்றில் இதனை அவர் சிறிது நகைச்சுவையோடு குறித்திருக்கிறார். பெயர்ப்பலகையும் உறுப்பினர் பட்டியலும் ஆண்டுவிழாவும் மட்டும் உடைய மன்றங்கள், விருந்து மட்டும் எஞ்சிய அக்கழகத்தின் தம்பிமார்களே.

அமெரிக்க நாட்டின் முறை சிறிது வேறு. அங்கே நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பின்னரே சட்டக் கல்லூரி புகுதல் இயலும். ஆகவே கல்லூரிதோறும் சட்டம் பயில விழைவோர் சங்கங்கள் அமைத்துள்ளனர். விண்ணப்பத்தில் மாணவர் தம்மைப் பற்றிக் கட்டுரை எழுதுதல் வேண்டும். ஆசிரியர் பரிந்துரையும் வேண்டும். அவ்விடத்தில் சங்கத்துப் பணியைக் குறிப்பிட இடமுண்டு. எனினும் கல்லூரி மதிப்பெண்ணும், 1948ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ‘எல்சாட்’ என்னும் நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணுமே பெருநிறை உடையவை. சங்கத்தில் பெயர் எழுதியிருந்தார் என்னும் வரி ஒன்றால் தட்டு சாயாது. அமெரிக்கக் கதையைக் கேட்டு, புதுவையிலும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

இனி, இப்பொருளில் பெரிதும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிளாட் தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பர் மாதத் தொடக்கத்திலேயே நடத்தப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் டிசம்பர் 3ஆம் நாளும், 2024ஆம் ஆண்டில் டிசம்பர் முதல் நாளும் அது நடைபெற்றது. விண்ணப்பிக்கும் காலம் அதற்கும் முன்னரே முடிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வோ அதற்குப் பின்னரே வருகிறது. பொதுத்தேர்வின் முடிவு வெளிவந்த பின் ‘இனி என்ன படிக்கலாம்?’ என்று வினவத் தொடங்குவதே நம் குடும்பங்களின் இயல்பு. அவ்வாறு தொடங்குபவர் முன் அவ்வாண்டின் வாயில் அடைபட்டுக் கிடக்கும். 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 4,000 ரூபாயாகவும், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 3,500 ரூபாயாகவும் இருந்தது. நாட்கூலி பெறும் குடும்பத்தில் இத்தொகையைத் திரட்டவும் முன்னறிவு வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் நடப்பது மற்றுமோர் இடர். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் உணவு உண்ணும்போதே காதில் விழுந்துவிடும். சாரத்து மாணவிக்கு யார் சொல்வார்?

இக்குறையை உணர்ந்தவர் சாம்நாத் பஷீர் என்னும் பேராசிரியர். கொல்கத்தாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், உயர்ந்த சட்டப் பள்ளிகளில் பயில்வோருள் பெரும்பாலோர் ஆங்கில வழியில் கற்ற வசதியான குடும்பத்துப் பிள்ளைகளாய் இருத்தலைக் கண்டார். ஏழைகளின் வழக்கை உணர்ந்து பேசுவோர் அவ்விடங்களில் அருகியிருத்தல் நாட்டிற்கே இழப்பு என்று கருதி, 2010ஆம் ஆண்டில் ‘ஐடியா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். வாய்ப்பைப் பெருக்குவதால் பன்மையைப் பெருக்குதல் என்பது அப்பெயரின் கருத்து. இவ்வமைப்பில் உழைப்போர் பெரிதும் சட்ட மாணவர்களே. அவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் சிறுநகர்ப் பள்ளிகளுக்கும் செல்கின்றனர். சட்டக் கல்வி என்று ஒன்று உண்டு என்பதையே முதலில் அறிவிக்கின்றனர். ஆற்றல் உடையோரைத் தேர்ந்தெடுத்து நுழைவுத்தேர்வுக்குப் பயிற்றுகின்றனர். இடம் பெற்றவர்க்குக் கட்டணத்திற்கும் பிறவற்றிற்கும் உதவி தேடித் தருகின்றனர். பார்வையற்ற மாணவர்களும் இவ்வுதவியால் தேசியச் சட்டப் பள்ளிகளில் புகுந்துள்ளனர். பஷீர் 2019ஆம் ஆண்டில், நடுவயதிலேயே மறைந்தார்; அவர் தொடங்கிய பணி மறையவில்லை. மாணவர் கூட்டம் ஒன்று பிற மாணவரைச் சட்டக் கல்லூரிக்குள் கொண்டுசெல்ல இயலும் என்பதற்கு நம் நாட்டில் இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அது சாதித்தது சான்றிதழ் வழங்கியன்று. செய்தியையும் பயிற்சியையும் வழங்கியே.

மன்றத்தால் கேடும் விளையலாம் என்பதை மறைத்தல் முறையன்று. காலாப்பட்டுக் கல்லூரியையே குறிக்கோளாகக் கொண்டவர், மன்றக் கூட்டங்களில் நாளெல்லாம் கழித்துப் பொதுத்தேர்வில் சில மதிப்பெண் குறைவாராயின், அவர் இழப்பது அவர் விரும்பிய இடத்தையே. அன்றியும், ‘எங்கள் சங்கத்தில் பணம் கட்டிச் சேர்ந்தால் இடம் உறுதி’ என்று எவரேனும் கூறுவாராயின், அவர் சட்டத்தை அறியாதவர். அல்லது பிறர் பணத்தை மிக விரும்புபவர். பள்ளிகளில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தூண்டுதலால் அமையும் சட்ட விழிப்புணர்வு மன்றங்களுக்குக் கட்டணம் ஏதும் இல்லை. அத்தகைய மன்றம் தன் பள்ளியில் உள்ளதா என்று தலைமையாசிரியரை வினவுதலே சாரத்து மாணவி முதலில் செய்யத்தக்கது. இல்லையெனில் ஐந்தாறு பேர் கூடிக்கொள்ளுதற்கு எவருடைய இசைவும் வேண்டுவதில்லை.

கிழமைக்கு ஒருநாள், அதுவும் ஒரு மாலைப்பொழுது போதும். ஆங்கில நாளேட்டின் தலையங்கம் ஒன்றை ஒருவர் உரக்கப் படித்தல் வேண்டும். மற்றொருவர் அதன் கருத்தைத் தமிழில் உரைத்தல் வேண்டும். மூன்றாமவர் அதனை மறுத்துப் பேசுதல் வேண்டும். பழைய வினாத்தாளில் ஒரு பகுதியைக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பார்த்தல் வேண்டும். தவறிய விடையை யார் தவறினார் என்று நகையாமல், ஏன் தவறியது என்று ஆராய்தல் வேண்டும். மற்றை ஆறு நாளும் பள்ளிப் பாடத்திற்கு உரியவை. விண்ணப்பம் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துவைத்து ஏனையோர்க்கு நினைவூட்டும் பொறுப்பை ஒருவர் ஏற்றல் நன்று. இப்பணியில் பெருமை சிறிது, பயன் பெரிது.

இவ்வாறு அமைந்த கூட்டத்தில் அம்மாணவி சேர்ந்தால் தாய்மாமனும் தடை சொல்ல மாட்டார். ஒரு மாலை அவர் திண்ணையில் அமர்ந்திருக்க, உள்ளே வெண்ணெய்நல்லூர் வழக்கு நடைபெறுகிறது என்று கொள்க. ஓலை செல்லாது என்று மருமகள் வாதிடுகிறாள். செல்லும் என்று அவள் தோழி மறுக்கிறாள். சிறிது நேரம் கேட்டிருந்த மாமன், எழுந்து வாயிற்படியருகே வந்து நின்று, “பாட்டன் கையெழுத்து மெய்தானே அம்மா, பின் எப்படிச் செல்லாமற் போகும்?” என்று வினவுகிறார். அவருக்கு விளங்குமாறு எடுத்துரைக்கும் கடமை இப்போது மருமகளைச் சார்ந்தது.